வெட்டியவரே கோர்க்க வேண்டும்

அந்த மைதானத்தில் எங்கும் எழுதி ஒட்டப்படாத ஒரு சட்டம் இருந்தது. கயிற்றை யார் வெட்டினாரோ அவரே அன்று மாலைக்குள் அதைக் கோர்த்துத் தர வேண்டும். சட்டம் போட்டவன் தம்பி. வெட்டுகிற கத்தியின் பிடி இருப்பதோ அக்காவின் வலது கைக்கு அருகில். பார்க்கப் பொதுச் சட்டம் மாதிரி இருந்தாலும் ஒரே ஒரு ஆளுக்காகப் போட்ட சட்டம் அது என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. வாயைத் திறந்தால் அதற்கும் ஒரு சட்டம் போடுவான்.

அங்கே மலை கிடையாது. சமதரை, புல், ஒரு பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் மின்கம்பி. மலை இல்லாத இடத்தில் மனிதர்களைப் பறக்க வைக்கக் கயிறுதான் மலை. மைதானத்தின் ஒரு முனையில் தம்பி பாராகிளைடரின் துணி இறக்கையைத் தரையில் விரித்து, தனக்கு முன்னால் பயணியைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, மறுமுனையில், டிரெய்லர் மேல் இருக்கும் வின்ச்சில் அக்கா உட்கார்ந்திருப்பாள். வின்ச் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு எஞ்சின், அது சுற்றுகிற ஓர் உருளை, உருளையில் சுண்டுவிரலில் பாதித் தடிமன்கூட இல்லாத கயிறு. அக்கா விசையைத் தள்ளினால் உருளை கயிற்றைச் சுருட்டும். கயிறு தம்பியை இழுக்கும். இறக்கை பட்டம் போல எழும்பி மேலே ஏறும். டிரெய்லரின் தலைக்கு மேலே கிட்டத்தட்ட வந்ததும் தம்பி மார்புக்கு முன்னாலிருக்கும் கொக்கியைத் திறந்துவிடுவான். கயிறு கீழே விழும், அவர்கள் பறந்துபோவார்கள். எல்லாம் சரியாக நடந்தால் இவ்வளவுதான். சரியாக நடக்காதபோது என்ன செய்வது என்பதற்குத்தான் அக்காவுக்குச் சம்பளம்.

சரியாக நடக்காமல் போவதற்கு வழிகளுக்கா பஞ்சம்? இழுப்பு அளவுக்கு மீறலாம். அதற்காகவே கயிற்றின் முனையில் வேண்டுமென்றே வலுக்குறைவாகச் செய்த ஒரு துண்டு இருக்கும். மற்றதெல்லாம் தப்பிக்க அது முதலில் அறுந்துபோகும். மைதானத்தில் அதற்குப் பெயர் அப்பாவி. “இன்னைக்கு ரெண்டு அப்பாவி போச்சு” என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டுவார்கள். இறக்கை ஒரு பக்கமாகத் திரும்ப, கயிறு இன்னொரு பக்கம் இழுத்தால், அதைவிடக் கெட்டது வேறில்லை. கண்ணிமைப்பதற்குள் தரையில் கொண்டுவந்து அறைந்துவிடும். கொக்கி திறக்காமல் போகலாம். எஞ்சின் மூச்சை விடலாம். ஒவ்வொன்றுக்கும் அக்காவுக்கு ஒரே வரிசை: முதலில் தளர்த்து, பிறகு பார், பிறகு வெட்டு. வெட்டுவதற்குக் கயிறு வெளியேறும் வாயில் ஒரு கத்தி தொங்கும். சிவப்புப் பிடியை இழுத்தால் அது ஒரே போடாகப் போடும்.

வெட்டுவது எளிது. கோர்ப்பதுதான் கொடுமை. முடிச்சுப் போட்டால் உருளைக்கு முன்னாலிருக்கும் சக்கரங்களில் சிக்கும். கயிறு உள்ளே குழாய் மாதிரியான பின்னல் என்பதால், ஒரு முனையை நீண்ட ஊசியில் மாட்டி மறுமுனையின் வயிற்றுக்குள் ஒரு முழத்துக்கும் மேலாகச் செலுத்த வேண்டும், கழற்றிய சட்டைக்குள் பாம்பை மறுபடி நுழைக்கிற மாதிரி. பிறகு மறுபக்கமும் அதேபோல. வெயிலில் காய்ந்த விரல்கள் ஊசியைப் பிடிக்க மறுக்கும். நகக்கண்ணில் இழை ஏறும். அக்காவின் இரண்டு கட்டைவிரல்களிலும் எப்போதும் பிளாஸ்திரி இருக்கும். பெரும்பாலும் அழுக்குப் பிளாஸ்திரி.

அவளுக்கு மைதானத்தில் பெயர் கத்தரிக்கா. பெயர் வைத்தவர் தம்பியின் மாமனார். தம்பி பறந்துபோன பின் தரையில் கிடக்கும் கயிற்றின் முனையைப் பைக்கின் பின்னால் கட்டி, அடுத்த பயணிக்காக மறுமுனைக்கு இழுத்துக்கொண்டு போவது அவர் வேலை. ‘கத்தரி அக்கா’ என்பதுதான் சுருங்கிப் போனது என்பார். தன்னைவிட வயதில் சிறியவளை அக்கா என்று கூப்பிட அவருக்கு அது ஒரு சாக்கு. அவள் அவரை மாமா என்பாள். அந்தப் பெயர் மேலிருந்த கோபத்தை அவரிடம் காட்ட முடிந்ததில்லை. மைதானத்தில் அவளிடம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

இந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் அக்கா தையல் பட்டறையில் இருந்தாள். வரிசையாக மெஷின்கள், தலைக்கு மேல் குழல்விளக்கு, நாளெல்லாம் சட்டைக் காலர். நூல் அறுவதற்கு முன்னால் மெஷினின் சத்தம் கொஞ்சம் மெலியும். அது காதில் விழுந்தவுடன் கால் தானாக மிதியிலிருந்து எடுபடும். பட்டறைக்காரர் அவளைப் புகழ்ந்ததில்லை. நூல் அறாத பெண்ணைப் புகழ என்ன இருக்கிறது? கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தபோது வேலையை விட்டாள். அதே சமயம், மெத்தை விற்றுக்கொண்டிருந்த தம்பி மெத்தையை விட்டு வானத்தைப் பிடித்திருந்தான். அம்மா பெற்ற இரண்டில் ஒன்று தரையை விட்டு எழாது, இன்னொன்று தரையில் நிற்காது என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவனுடைய முதல் வின்ச் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, ஒரு காலைப்பொழுது அக்காவின் வாசலில் வந்து நின்றான். ரெண்டே ரெண்டு நாள் வாக்கா, வேற ஆள் வந்துருவான் என்றான். அந்த இரண்டு நாளில் அவளுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

வீட்டில் கணவர் நீரேற்று நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவர் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் இப்போதைய தாம்பத்தியம். சில நாள் சாவியோடு ஒரு வார்த்தையும் கைமாறும். “குழம்பு அடுப்புல இருக்கு” என்றோ, “காத்து பலமா இருக்கு, பாத்துக்கோ” என்றோ. அன்றைக்கு அது போதும் என்று இருவருக்கும் இருக்கும்.

புதுமாப்பிள்ளை விவகாரம் வராமல் இருந்திருந்தால் இப்படியே போயிருக்கும்.

பறக்கும்போது பைலட்டின் இரண்டு கைகளும் இறக்கையைத் திருப்புகிற பிரேக் கயிறுகளில் இருக்கும். ரேடியோ வேலை செய்யாவிட்டால் கால்தான் வாய். கால்களை அகட்டிச் சேர்த்து, அகட்டிச் சேர்த்துக் காட்டினால், ‘என்னை விட்டுவிடு’ என்று அர்த்தம். தனியாகப் பறக்கிறவனுக்கு இது சரி. தம்பி பறப்பதோ இரண்டு பேராக. பயணி முன்னால், அவன் பின்னால். டிரெய்லரிலிருந்து பார்த்தால் நான்கு கால்களும் ஒரே நிழலாகத்தான் தெரியும். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத அந்த மாப்பிள்ளை, கீழே நின்று படம் எடுத்த மனைவிக்காக, மேலே போகப் போகச் சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை உதறினான். அக்கா தளர்த்தினாள். ரேடியோவில் கூப்பிட்டாள். பதிலுக்கு வந்தது ஒரே கூச்சல். வெட்டிவிட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. பாதி உயரத்திலிருந்து பஞ்சு மாதிரி இறங்கினார்கள். ஆனால் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், மனைவி படம் பாதியில் நிற்கிறது என்று கண்ணைக் கசக்கினாள். தம்பி எல்லோர் முன்னாலும் சிரித்துச் சமாளித்துவிட்டு, அவர்கள் போனபின் டிரெய்லருக்கு வந்தான். அக்கா அப்போதே ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“அவன் சந்தோஷத்துல காலை ஆட்டினான்க்கா.”

“இங்கேர்ந்து பாத்தா சந்தோஷத்துக்கும் சாவுக்கும் ஒரே கால்தான்டா.”

“இந்த மாசத்துல இது எத்தனாவது? இறக்கை கொஞ்சம் சாஞ்சா வெட்டு, நான் இருமினா வெட்டு. கயித்துல ஒட்டுப் போடாத இடமே இல்ல. வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

உயிரோட இறங்கினோம்னு நினைப்பாங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவன் களைத்திருந்தான், நாள் முழுவதும் கூடவே ஒரு ஆளைச் சுமந்து ஓடுகிற உடம்பு. அவளும் களைத்திருந்தாள். இரண்டு களைப்புகள் மோதினால் எது பெரிது என்று யாருக்கும் தெரியாது.

“இன்னொரு தடவை சும்மா வெட்டினே, நீ மேசைக்குப் போ. அவ வின்ச்சுக்கு வரட்டும்.”

அவ என்றது அவன் மனைவியை. முன்பக்க அறையில் மேசை போட்டு, பதிவுகளை வாங்கி, பயணிகளுக்கு ஹெல்மெட் மாட்டி, பயத்தில் வாந்தி எடுப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பவள். எல்லோருக்கும் அவள் மேசைக்காரி. காற்று இல்லாத நாட்களில் வின்ச்சை ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள், நன்றாகவே ஓட்டுவாள்.

மறுநாள் காலை, குழாயடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் மேசைக்காரி வந்து நின்றாள். கையில் கழுவ ஒன்றும் இல்லை.

“அண்ணி, என்னை மட்டும் அங்க உக்கார வெச்சிராதீங்க.”

“ஏன், நல்லாத்தானே இழுக்கறே.”

“இழுக்க வரும். வெட்ட வராது. மேல தொங்கறது அவரு. அந்தச் சிவப்பைத் தொடணும்னு நினைச்சாலே எனக்குக் கை மரத்துப் போகுது.” திறந்திருந்த குழாயை அடைத்தாள். “நான் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன் அண்ணி. அவ்வளவுதான் என்னால முடியும்.”

மேலே தொங்குவது எனக்கும் யாரோ எவரோ இல்லை என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தம்பி தவழ்ந்து திரிந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த வலி இன்னும் அந்த இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் அவளை அன்று உண்மையில் அச்சுறுத்தியது வேறொன்று. மேசைக்கு மேலே ஒரு மின்விசிறி உண்டு. நாற்காலியில் மெத்தை உண்டு. வெயில் கிடையாது, எஞ்சின் புகை கிடையாது, கழுத்தை அண்ணாந்து பார்க்கிற வேலை கிடையாது. ஒரே ஒரு தடவை, சும்மா, அந்தப் பிடியை இழுத்தால் போதும். மீதி வாழ்க்கை மின்விசிறிக்குக் கீழே. இந்த நினைப்பு வந்த பிறகு அவளுக்குத் தன் கையின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அடுத்த முறை கை பிடிக்குப் போனால், அது மேலே இருப்பவனுக்காகவா, மின்விசிறிக்காகவா? இழுக்காமல் விட்டால், அது சரியென்று தோன்றியதாலா, தம்பிக்குப் பயந்தா? அங்கே அவள் கை தப்பாகப் போனால் அந்தரத்தில் தொங்குகிறவன் அவன், கூடவே முகம் தெரியாத யாரோ ஒருவர்.

தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை அவள் செய்தாள். கடைத்தெருவுக்குப் போய், முழங்கால் வரை வருகிற, கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறக் காலுறை ஒரு ஜோடி வாங்கி வந்தாள். தம்பி இதை மாட்டிக்கொண்டால் எந்தக் கால் யாருடையது என்று தெரிந்துவிடும். தம்பி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நான் என்ன சர்க்கஸ்ல பல்டி அடிக்கறவனா?”

மாமனார் உடனே, சர்க்கஸ்காரர்களுக்கு வலை உண்டு மாப்பிள்ளை, உங்களுக்கு அதுவும் இல்லை என்றார். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. பாக்கெட் பிரிக்கப்படாமல் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே போய் விழுந்தது. வெயிலில் அதன் அட்டை வெளுக்கத் தொடங்கியது.

அடுத்து வந்த நாட்களில் அக்கா வெட்டவே இல்லை. இழுப்பதும் விடுவதும் ஒழுங்காக நடந்தன. ஒருமுறை அப்பாவி அறுந்தது, அது அவள் கணக்கில் சேராது. தம்பி உற்சாகமாக இருந்தான். பாத்தியாக்கா என்றான். அவள் பார்த்தாள். மாலையில் கோர்க்க வேலை இல்லாததால் சீக்கிரம் வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன செய்வது என்று தெரியாமல், கணவரின் சட்டையில் இருந்த பொத்தான்களை எல்லாம் வலுப்படுத்தித் தைத்தாள்.

பிறகு ஒரு நாள் கடைசிப் பயணியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர். பிள்ளைகள் பரிசாக அனுப்பியிருந்தார்கள். அவர் வந்ததிலிருந்தே இடம் கலகலப்பாகிவிட்டது. மேசைக்காரி ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, மேலே போனதும் காலை மட்டும் ஆட்டாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாளாம். காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் பிடிமானம் இல்லாமல் நின்றவன், என் கால் அசையாது என்று அவர் வாக்குக் கொடுத்தாராம். காற்று பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் போதுமே என்று அக்கா ரேடியோவில் சொல்லிப் பார்த்தாள். ஒண்ணே ஒண்ணுதான்க்கா என்று தம்பி சொன்னான். அவன் சொன்ன ஒன்றே ஒன்றுகளைக் கோர்த்தால் இன்னொரு கயிறு செய்யலாம்.

இழுப்புத் தொடங்கியபோது ரேடியோவில் “போலாம் ரைட்” என்று ஒரு கனத்த குரல் கேட்டது. அக்காவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது.

இறக்கை அழகாக எழுந்தது. இழுப்பைக் காட்டுகிற முள் அதன் இடத்தில் நின்றது. மேலே, மேலே. கயிறு செங்குத்தாகத் தொடங்கியதும் தம்பி வழக்கமாக, விடறேன்க்கா என்பான். அன்று சொல்லவில்லை. இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்தாள். முள் இறங்கவில்லை. பட்டறையில் நூல் மெலியும்போது வரும் அந்த உணர்வு அவள் காலுக்கு வந்தது.

விசையைப் பின்னால் இழுத்தாள். எஞ்சின் தணிந்தது. உருளையின் பூட்டை விடுவித்து, கயிறு தடையில்லாமல் வெளியே ஓட வழிவிட்டாள். “தம்பி, கேக்குதா?” பதில் இல்லை. “தம்பி.” மறுமுனையிலிருந்து மாமனாரின் குரல்தான் வந்தது. “எனக்குக் கேக்குதும்மா. அவருக்குக் கேக்கலை போல.” அவர் அக்கா என்றும் சொல்லவில்லை, கத்தரிக்கா என்றும் சொல்லவில்லை.

இறக்கை அவள் தலையைத் தாண்டிப் போயிற்று. கயிறு இன்னும் கூடவே போய்க்கொண்டிருந்தது. உருளை பின்னோக்கிச் சுற்றியது. அப்படியானால் கொக்கி திறக்கவில்லை. அல்லது கண்டக்டர் வேடிக்கை பார்க்கட்டும் என்று தம்பி தாமதிக்கிறானோ? கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கால்கள். நான்கு கால்களும் ஒரே கறுப்பு நிழல். அந்த நிழல் அகன்றது, சேர்ந்தது. அகன்றது, சேர்ந்தது.

கண்டக்டர் தாளம் போடுகிறாரா? அந்த மனிதர் போடக்கூடியவர்தான். கை சிவப்புப் பிடியின் மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. மின்விசிறி நினைவுக்கு வந்தது. அது வந்ததே அவளுக்குக் கேவலமாக இருந்தது. ரேடியோவில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேசைக்காரி மேசையை விட்டு வெளியே வந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பேசாமல் நிற்கிறாள் என்று புரிந்தது.

அப்போது காற்று இறக்கையை வேலிப் பக்கம் தள்ளியது. பிறகு யோசிக்க அவ்வளவாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு முனை உருளையில், ஒரு முனை தம்பியின் மார்பில், நடுவில் கயிறு மின்கம்பியில் போய்ச் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கால்கள் தாளம் போடவும் இல்லை. சந்தோஷம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அந்தப் புதுமாப்பிள்ளையின் கால்கள் தறிகெட்டு ஆடின. இவை, மறந்துபோனவளுக்குப் பாடம் சொல்வது மாதிரி, நிதானமாக அகன்று சேர்ந்தன.

பிடியை இழுத்தாள். கத்தி விழுந்தது. கயிற்றின் வால் புல்லின் மேல் சரசரவென்று ஓடியது.

உருளையிலிருந்து விடுபட்ட இறக்கை ஒருமுறை தலையசைத்து, மெதுவாக மைதானத்தின் உட்பக்கம் திரும்பியது. திரும்பத் திரும்ப, அறுந்த கயிறும் அதன் பின்னால் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. மாமனார் பைக்கைப் போட்டுவிட்டு அதைப் பிடிக்க ஓடுவதை அக்கா பார்த்தாள்.

“தொடாதீங்க மாமா. யாரும் தொடாதீங்க. நாம பிடிச்சா அவனைக் கட்டிப்போட்ட மாதிரி.”

அவர் ஓட்டத்தை நிறுத்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், தவறு செய்துவிடுமோ என்று கைக்கே பயந்தவர் போல. இறக்கை அகலமாக ஒரு வட்டமடித்து, வேலிக்கு வெகுதூரத்தில், வால் பின்னால் நீளக் கிடக்க, புல்லில் இறங்கியது. அக்கா எஞ்சினை அணைத்தாள்.  நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. கண்டக்டரின் கால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. கைதான் கேட்கவில்லை. கொஞ்சம் மேலே போனதும், காதோரமாகப் போன ஒரு கயிற்றைக் கண்டு, வாழ்நாள் பழக்கத்தில் பஸ் மணியடிக்கிற மாதிரி வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். அது தம்பியின் ரேடியோ ஒயர். பிடுங்கிக்கொண்டு வந்த ஒயர் சுருண்டு போய்க் கொக்கியின் வாயில் விழுந்து, அதைத் திறக்க விடாமல் அடைத்துக்கொண்டது. வாயும் போச்சு, கொக்கியும் போச்சு. கண்டக்டருக்கு இதெல்லாம் தெரியாது. இறங்கியதும், அதுக்குள்ள ஸ்டாப்பிங் வந்துடுச்சா என்று ஏமாற்றத்தோடு கேட்டாராம்.

தம்பி டிரெய்லருக்கு வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. நசுங்கிய ஒயரைக் கையில் வைத்திருந்தான். 

“நான் கத்தியை எடுத்துட்டேன்க்கா. இன்னும் ஒரு செகண்டுல நானே அறுத்திருப்பேன்.”

பைலட்டின் தோள்பட்டையில் சின்னதாக ஒரு வளைந்த கத்தி இருக்கும், இப்படிப்பட்ட வேளைக்காக. பக்கக் காற்றில் பிரேக்கிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டு அதைப் பிடிப்பது என்ன லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

“அப்ப காலை எதுக்குடா ஆட்டினே?”

அவன் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“மேசை விஷயம் காலையில பேசிக்கலாம்” என்றான். “கயிறு நாளைக்கு வேணும்.”

அவ்வளவுதான். வெட்டியவரே கோர்க்க வேண்டும். அக்கா டிரெய்லரின் படியில் உட்கார்ந்து பிளாஸ்திரியை மாற்றிக்கொண்டு ஊசியை எடுத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. சும்மா வெட்டியதும் தேவைக்கு வெட்டியதும் தரையில் கிடக்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்று மட்டும் தோன்றியது. இரண்டுக்கும் அதே ஊசி, அதே முழம். வெட்டாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது. நானே அறுத்திருப்பேன் என்று ஒருவன் சொன்னால், இல்லை என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது?

கயிற்றின் வாலைத் தேடிச் சேர்த்துக்கொண்டு வந்த மாமனார் பைக்கை நிறுத்தினார்.  சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். வளைந்த சின்னக் கத்தி. பிடியில் தம்பி சுற்றியிருந்த நீல நாடா.

“டிரெய்லருக்குப் பின்னால கிடந்தது” என்றார். “காத்து வேலிப் பக்கம் தள்ளறதுக்கு முன்னாடியே கைநழுவியிருக்கு.”

அக்கா அதைப் பார்த்தாள். கத்தி விழுந்த பிறகுதான் அவன் கால்களை ஆட்டியிருக்கிறான். அவனிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லாத அந்த நேரத்தில், கீழே இவள் தாளமா, தாளமில்லையா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த யோசனை எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“என் பொண்ணுகிட்டக் காட்டலை” என்றார் அவர். “காட்டினா அவ அவரை மறுபடி மேல அனுப்ப மாட்டா. மெத்தை விக்கத்தான் போகணும்.”

“நல்லதுதானே மாமா.”

“நல்லதுதான்” என்றார். “ஆனா அவர் விக்கற மெத்தையில யாருக்கும் தூக்கம் வராதும்மா.”

இருவரும் சிரித்தார்கள், சத்தமில்லாமல். அவர் போனபின் அவள் மீதியைக் கோர்த்து முடித்தாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். நின்றது. பிறகு சாமான் அறைக்குப் போனாள். தம்பி பறக்கும்போது உடம்பில் மாட்டிக்கொள்ளும் கட்டுப்பட்டை ஆணியில் தொங்கியது. தோளிலிருந்த உறை காலியாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கத்தியை அதற்குள் செருகி, மூடியை அழுத்தி விட்டாள். மேசையில் வைக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய், வாசலில் கணவரிடம் சாவியை வாங்கிக்கொண்டாள். “காத்து எப்படி இருந்துச்சு?” என்று அவர் கேட்டார். “இருந்துச்சு” என்றாள்.

மறுநாள் காலை மேசையைப் பற்றி யாரும் பேசவில்லை. தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் வேனிலிருந்து சாமான்களை இறக்கினான். சாமான் அறையிலிருந்து கட்டுப்பட்டையை எடுத்து வந்தான், பறப்பதற்கு முன் எப்போதும் செய்வது போல ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தான், தோளில் கை வந்ததும் நின்றான். மூடியைத் திறந்து பார்த்து, மூடினான். அக்கா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. டிரெய்லரை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். கழுத்தில் நேற்றைய வலி இன்னும் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, கோர்த்த இடம் சக்கரங்களில் சிக்காமல் போகிறதா என்று பார்த்தாள். போயிற்று. மறுமுனையில் இறக்கை விரிந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை என்பதால் தெளிவாகத் தெரிந்தது. ரேடியோவில் மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

“கத்தரிக்கா, மாப்பிள்ளைக்குக் கால் ரெண்டும் தீப்பிடிச்சிருக்கு. தண்ணி ஊத்தவா?”

பார்த்தாள். பயணியின் கறுப்புக் கால்களுக்குப் பின்னால், முழங்கால் வரை, இரண்டு ஆரஞ்சுக் கோடுகள். அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணைக் குத்தின. தம்பி ஒரு காலைத் தூக்கிக் காட்டினான், உடனே கீழே வைத்தான்.

“அக்கா. தெரியுதா?”

“தெரியுது.”

  முன்பக்க அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றுவது இங்கிருந்தே தெரிந்தது. அதற்குக் கீழே மேசைக்காரி யாருக்கோ ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இழுக்கவாடா?” என்றாள்.

“இழுக்கா.”

ஒருமுறை மின்விசிறியைப் பார்த்துவிட்டு விசையைத் தள்ளினாள்.